வாசலில் மடங்கிய பரிசு

போன மாதம் வாடிக்கையாளர்களுக்குப் பரிசுப் புள்ளிகள் அனுப்புவதற்குப் பதில் டிஜிட்டல் நாணயங்களையே அள்ளி அனுப்பி, அந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் மானம் கப்பலேறியிருந்தது.

"உங்க கம்பெனில போட்டதை எடுக்கச் சொல்லிட்டேன். இன்னிக்கு என் காசு முழுசா பாங்குக்கு வரலைன்னா, உங்க கம்பெனிக்கு ஒரு பெரிய கும்பிடு!" ஃபோனில் பொரிந்தாள் மாமியார்.

அங்கே புரோகிராமரான மருமகள் வாய் திறப்பதற்குள் அவள் கணினித் திரை எச்சரிக்கையில் சிவந்தது. பக்கத்து மேஜைக்காரன் மறுபடியும் அதே தப்பைச் செய்திருந்தான்!

ஆனால் இம்முறை, அவள் எழுதிவைத்த காவல் நிரல் குறுக்கே நின்றது. கஜானாவில் இருப்பதைவிட அதிகம் கேட்ட கட்டளை வாசலிலேயே மடங்கியது. ஒரு நாணயம்கூடத் தப்பாக வெளியேறவில்லை.

ஃபோனில் மாமியார் கூவினாள்.

"வந்துடுச்சும்மா, முழுசா!"

"இப்ப நம்பறீங்களா அத்தை?"

"நம்பறதா? திரும்பப் போடறது எப்படின்னு சொல்லு!"