தாய்க்குச்சி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் மகபூப் பீவிக்குத் தன் மூக்கைப் பற்றி ரொம்பப் பெருமை. பெருமைப்பட வேண்டிய மூக்குதான். கண்ணைக் கட்டிவிட்டு எந்த வேரை நீட்டினாலும் மோந்து பார்த்தே பேர் சொல்லிவிடுவாள். அந்தப் பெருமையைக் கடைக்கு வருகிற ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லியும் விடுவாள்.

புல்லுருவி விஷயத்தில் மட்டும் அவள் மூக்கை நம்பியதில்லை. அது தனக்கென்று மண்ணில் வேர்விட்டு நிற்கிற செடி இல்லை. பறவை போட்ட விதையிலிருந்து இன்னொரு மரத்தின் கிளையில் முளைத்து, அந்த மரத்தை உறிஞ்சியே பிழைக்கிற ஜென்மம். எந்த மரத்தில் ஒட்டுகிறதோ அந்த மரத்தின் குணம் அதற்கு வந்துவிடும் என்பது வைத்தியர்கள் கணக்கு. மாமரத்துப் புல்லுருவி மருந்து, எட்டி மரத்துப் புல்லுருவி விஷம். காய்ந்த பிறகு இலையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அது ஒட்டியிருந்த கிளையிலும் ஒரு சாண் சேர்த்து வெட்டி வந்தால்தான் பீவி வாங்குவாள். விற்கும்போதும் அந்தக் கிளையில் ஒரு துண்டைப் பொட்டலத்துக்குள் வைத்தே கட்டுவாள். அதற்குத் தாய்க்குச்சி என்று பெயர்.

"தாய்க்குச்சி இல்லாம எவன் குடுத்தாலும் வாங்காதிய. நானே குடுத்தாலும் வாங்காதிய!" என்று மேசையைத் தட்டிச் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவள்தான் அன்று காலையில் சறுக்கினாள். ஆடித்தபசுத் திருவிழா நேரம், கடையில் நிற்க இடமில்லை. வழக்கமாகச் சரக்கு கொண்டுவரும் ஆவுடையப்பன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவர் மருமகன் மாரிச்செல்வம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் ஒரு சாக்கு புல்லுருவி கொண்டுவந்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கிளையையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு வந்திருந்தான் அந்த மகராசன்.

பீவி ஏச வாயெடுத்தாள். அதற்குள், "அவ்வொளுக்குக் குச்சி எதுக்கு? மோந்தே சொல்லிருவாவ" என்று கூட்டத்தில் யாரோ ஏற்றிவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பிடி அள்ளி மோந்தாள்.

"மாமரம்" என்றாள். மாரிச்செல்வமும் தலையாட்டினான்.

அன்று காலையில் அந்தப் புல்லுருவியை வாங்கிப்போனவள் கோமதியம்மாள் ஒருத்திதான். விசைத்தறியில் நாளெல்லாம் நின்று நின்று மூட்டு தேய்ந்தவள். அந்தப் புல்லுருவிக் கஷாயத்தை மத்தியானம் காய்ச்சிக் குடித்தால்தான் அவளுக்கு மறுபடி தறிப்பக்கம் போகக் கால் வரும்.

மத்தியானம் மாரிச்செல்வம் காலிச் சாக்குக்காகத் திரும்பி வந்தான்.

"யக்கா, ஆத்தங்கரையில ஒரு மரம். ஆரஞ்சுப்பழம் கணக்கா உருண்டை உருண்டையா பழம் தொங்குது. தின்னலாமா?"

"தின்னு தொலைச்சிராதலே, அது எட்டி. ஏன் கேக்க?"

"அதுலயும் ரெண்டு கொத்து புல்லுருவி இருந்துச்சு. அதையும் சேத்துத்தான் வெட்டுனேன்."

பீவி கையிலிருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏலே, மாமரம்னு சொன்னப்ப மண்டைய மண்டைய ஆட்டுனியே!"

"முக்காவாசி மாமரந்தானக்கா. நீங்க அம்புட்டுத் தெளிவா சொல்லும்போது நான் எப்படி மறுத்துப் பேச?"

அவனை ஏச நேரமில்லை. ஏசினாலும் தன்னைத்தான் ஏச வேண்டும். கோமதியம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு முன்கட்டிலேயே தறி ஓடும்போது போன் எங்கே கேட்கப்போகிறது? கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் பைக்கில் ஏறினாள்.

ரத வீதியில் தபசுக் கூட்டம் வண்டியை நகரவிடவில்லை. பீவி இறங்கி ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில், செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோக, யா அல்லா யா அல்லா என்று ஓடினாள். அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. மூக்கு, மூக்கு என்று பீற்றிக்கொண்ட வாயை அறைந்துகொள்ளத் தோன்றியது.

கோமதியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து தம்ளரை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பீவி பாய்ந்து தட்டிவிட்டாள். தம்ளர் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"ஏட்டி, பைத்தியமா உனக்கு? காப்பியக் கொட்டிட்டியே!"

"காப்பியா? கஷாயம் எங்கக்கா?"

"அதை எங்க காய்ச்சுனேன்?" கோமதியம்மாள் அலமாரியைக் காட்டினாள். பொட்டலம் கட்டியபடியே இருந்தது. "அவுத்துப் பாத்தேன், உள்ள தாய்க்குச்சியக் காணோம். நீதான மேசையத் தட்டித் தட்டிச் சொல்லுவ, நானே குடுத்தாலும் வாங்காதன்னு. சாயங்காலம் கொண்டாந்து உன் மூஞ்சில வீசிட்டு நாலு ஏச்சு ஏசலாம்னு வச்சிருக்கேன்."

 சிந்திய காப்பிக்குப் பக்கத்திலேயே பீவி உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இப்பமே ஏசுக்கா" என்றாள்.

"மொதல்ல எந்திரிச்சுக் காப்பியப் போட்டுக் குடு. பெறவு ஏசுதேன்."