இரும்பா, எஃகா?

கீழே வேன்காரன் மூன்றாவது தடவையாக ஹாரன் அடித்தான். குபாத் நாடாவின் அறுந்த முனைகளை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி மணியைப் பார்த்தான். மூன்று பத்து. நாலரைக்கு இந்த இரவல் டேப் மிஷின் வேனில் ஏறி அல்மாட்டிக்குத் திரும்பிவிடும்.

பிஷ்கெக் சினிமா ஸ்டூடியோவில் கம்ப்யூட்டருக்கு மாற்றாமல் மிச்சம் இருந்தவை இரண்டே நாடாக்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். நேரம் இருப்பது ஒன்றுக்குத்தான். இரண்டுமே விரல் பட்டாலே உதிர்கின்றன; விட்டுப்போவது அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது.

ஒன்று தெமிர் போட்ட பின்னணி இசை. இன்னொன்று போலோத் போட்டது. கிர்கிஸ் மொழியில் தெமிர் என்றால் இரும்பு, போலோத் என்றால் எஃகு. 'நீ இரும்பா, எஃகா?' என்று ஸ்டூடியோ கேன்டீனில் நாற்பது வருஷமாக இதே சண்டை.

குபாத் எஃகு கட்சி. திரையில் குதிரை ஓடினால் தெமிர் பத்து டிரம்பெட்டை ஊதவிடுவார். போலோத் மூன்று தந்தி கொமுஸில் ஒரு தந்தியைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். அந்தச் சும்மாவில்தான் குபாத்துக்குக் குதிரை ஓடுவதே கேட்கும்.

"பைகே, அது சங்கீதமா? வாசிக்கிறவன் தூங்கிட்டான்னு நெனச்சேன்" என்றான் சஞ்சார். குபாத்தைவிட இருபது வயது இளையவன், அதனால் 'பைகே', அண்ணன். ஆனால் இந்தப் பிரிவுக்கு மேலதிகாரி.

"உனக்குக் கேட்கணும்னா டிரம்பெட்டைக் காதுக்குள்ளயே சொருகணும்டா."

குபாத்தின் குரலில் சூடில்லை. காலையிலிருந்து நின்ற கால்கள். மேஜையில் பாதி கடித்த சம்சா ஆறிக் கிடந்தது.

ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஓட்டு கலிபா எஜேயுடையது, எல்லோருக்கும் அக்கா. இரண்டு படத்தையும் வெட்டி ஒட்டிய எடிட்டர். ரிடையராகித் தனியாக இருக்கிறாள். சஞ்சார் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எஜே, சட்டுனு சொல்லுங்க. யாரோடதைக் காப்பாத்தலாம்?"

"உலையில போட்டு அடிப்பாங்களே, அது."

"இரும்பு!" சஞ்சார் கைதட்டினான். போன் கரகரத்துக் கட்டானது.

குபாத் தெமிரின் நாடாவைச் சக்கரத்தில் மாட்டினான். போலோத்தின் டப்பாவை மூடி, சுவரோரமாகத் தள்ளினான். இவ்வளவுதானா என்று இருந்தது.

பட்டனைத் தட்டியதும் டிரம்பெட்டுகள் அறையை அதிரவைத்தன. கூடவே போன்; மறுபடி எஜேதான்.

"யாருடா அங்க ஊதுறது? கல்யாண வீடா?"

"நீங்க சொன்ன தெமிர்தான் எஜே" என்றான் சஞ்சார்.

"நான் எப்படா தெமிர்னேன்? தெமிர்னா தெமிர்னே சொல்லிட்டுப் போறேன். அதுல எனக்கென்ன கூச்சம்?"

குபாத்தின் விரல் தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போனது. அறை அடங்கியது. மணி மூன்று இருபத்தைந்து. இன்னும் நேரம் இருந்தது.

"அப்ப அந்த இன்னொரு பேரை ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க எஜே" என்றான் குபாத்.

"அதான்டா, அந்த இன்னொருத்தர்."

"என்ன விளையாட்டு இது? அந்த ஆள் உங்களுக்கு வேண்டியவரா?" சஞ்சார் எரிந்து விழுந்தான்.

"வேண்டியவரா! எனக்கு ஒரு வாய் டீ ஊத்தினதில்லடா அந்த மனுஷன். முப்பது வருஷம் இதே வராந்தாவுல எதிர்ல வந்தும் என்னைப் பார்க்காத மாதிரியே போனார். ஆனா சங்கீதம் வேற. அதுல அவரை மிஞ்ச ஆளில்ல."

"பின்னே பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

குபாத் போலோத்தின் டப்பாவை ஏற்கெனவே திறந்துகொண்டிருந்தான். போனில் அவள் குரல் தணிந்து வந்தது.

"அவர் மகனைத்தான்டா நான் கட்டிக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. ஏழு மாசத்துல அவன் போய்ச் சேர்ந்துட்டான். அதுக்காக மாமனார் பேரை மருமக வாயால சொல்லிட முடியுமா?"