சன்னலுக்குப் போட்ட கலவை

என் வீட்டுக்காரன் ஆனந்தராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை நிலவறையில் நிற்கவைத்துக் கத்தச் சொன்னான். ஆறு வருஷம் 'அவர்' என்று சொல்லிப் பழகிய வாய்தான் இது. இனிமேல் சொல்லாது.

உப்பளம் பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு அடியில் ஒரு அறை உண்டு. வீட்டை விற்ற அம்மாவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த அம்மா அந்த அறையைக் 'காவ்' என்பார். அந்தக் காலத்தில் ஒயின் பீப்பாய் அடுக்கிய இடமாம். பதினோரு படி இறங்க வேண்டும். தெருப் பக்கச் சுவரில், கூரையை ஒட்டி, இரண்டு காற்றுச் சன்னல்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும்.

எங்கள் தெருவில் பாதிக்குப் பாதி மீன் விற்கிற பெண்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் புருஷன் கை நீட்டுகிற சத்தம் கேட்டால் அறிவுரை சொல்லிக்கொண்டு உள்ளே வரமாட்டார்கள். மறுநாள் காலையில் கூடையோடு வந்து அந்த வீட்டு வாசலிலேயே கடை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வாங்க வருகிற ஒவ்வொருவரும், "என்னாக்கா, இன்னிக்கி கடை இங்க?" என்று கேட்பார்கள். அக்காக்கள் காரணத்தைச் சொல்லிக்கொண்டே மீன் அறுப்பார்கள். அடித்தவன் வேலைக்குப் போக வேண்டுமென்றால் எல்லாக் கூடையையும் தாண்டித்தான் போகவேண்டும்.

போன ஆடியில் எங்கள் வாசலில் அப்படி ஆறு கூடை உட்கார்ந்தது. ஆனந்தராஜ் அரசாங்க ஆபீசில் கிளார்க். இஸ்திரி மடிப்பு கலையாமல் வெளியே வந்தவனைப் பார்த்து, தெரு முனையில் கடை போடும் கொளஞ்சி அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், "சார், வெள்ளச் சட்ட. பாத்துத் தாண்டுங்க, கறை பட்டுடப் போவுது" என்றாள். தெருவே சிரித்தது. நானும் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதை அவன் பார்த்துவிட்டான்.

அடுத்த மாதம் அவனுக்கு நிலவறை ஞாபகம் வந்தது. ஹோம் தியேட்டர் கட்டப்போகிறானாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. கொத்தனார் வேண்டாம் என்றான், நான் இருக்கிறேனே! மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத என் அப்பா கொத்து வேலைக்குப் போவார். பத்து வயசிலிருந்து நான்தான் அவருக்குச் சித்தாள். கலவை போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனந்தராஜ் கொத்துக்கரண்டி பிடித்தான், நான் சாந்து குழைத்தேன். உளுத்த பூச்சை எல்லாம் கொத்திவிட்டு, ஒரு சட்டி சிமெண்டுக்கு நாலு சட்டி மணல் என்று புதுப் பூச்சு. சொன்னால் வெட்கக்கேடு, அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இருவரும் தூசியாக உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் பரோட்டா சாப்பிட்டோம். மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

படிக்கட்டின் அடியில் இரும்புக் கதவு வந்தது. பூட்டு உள்பக்கம். கூரையில் ஒட்ட ஸ்பாஞ்சுப் பலகைகளும் வந்தன. பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"சத்தம் வெளிய போவுதான்னு பாக்கணும். நான் தெருவுல போய் நிக்கிறேன். நீ கத்து" என்றான்.

"போன்ல பாட்டு வெச்சிப் பாத்தா ஆவாதா?"

"கத்துன்னா கத்து. ஆடி மாசம் கத்துன பாரு, அந்த மாதிரி."

படி ஏறிப் போனான். சன்னல் வழியாக அவன் செருப்பு வந்து நின்றது தெரிந்தது. இந்த அறை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. என்னுடைய ஜெயிலுக்கு நானே ஏழு வாரமாகச் சாந்து குழைத்திருக்கிறேன். கத்தினேன். திரும்பி வந்தவன், "கேக்குது. அந்த ரெண்டு சன்னலையும் அடச்சிடணும்" என்றான்.

அம்மா வீட்டுக்கு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை ஓடினேன். மூன்று தடவையும் வந்து காலில் விழுந்து அழைத்துப் போனான். நான்காவது தடவை ஓடினால் அம்மாவையும் சேர்த்துக் கொளுத்துவேன் என்றான். செய்யக்கூடியவன்தான்.

அடுத்த சனிக்கிழமை, "மணல் பத்தல, நான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரையிலிருந்து இரண்டு மூட்டை மணல் அள்ளி வந்தேன். மாவு மாதிரி மணல். அதில் கட்டினால் கை வைத்தாலே உதிரும் என்று அப்பா அதைத் தொடவே விடமாட்டார். அந்த மணல் பதினைந்து சட்டிக்கு ஒரு சட்டி சிமெண்ட் போட்டேன். மங்கலான பல்பு வெளிச்சத்தில் எல்லாச் சாந்தும் ஒரே நிறம். ஆனந்தராஜ் ஒருநாளும் கலவையில் கை வைத்ததில்லை, கை வெந்துபோகுமாம். செங்கல்லை அடுக்கி இரண்டு சன்னலையும் அடைத்தான். நான் மிச்சச் சிமெண்ட் மூட்டைகளை ஒரு சன்னலுக்கு நேர் கீழே படி மாதிரி அடுக்கிவைத்தேன். "ஓரமா இருக்கட்டும்" என்றேன். தலையாட்டினான்.

மறு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மீண்டும் கத்தச் சொன்னான். போய்க் கேட்டுவிட்டு வந்தான். "ஒண்ணும் கேக்கல" என்று சிரித்தான். கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். சுத்தியல், உளி, கரண்டி எல்லாம் முந்தின நாளே மேலே போய்விட்டன. விவரமானவன்.

"அன்னிக்கி சிரிச்ச இல்ல? இப்ப சிரி" என்றான்.

முதலில் கன்னத்தில் அறைந்தான், காது அடைத்துப்போனது. முடியைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான். நான் குழைத்த பூச்சு. கல்லாக இருந்தது. கீழே விழுந்தேன். இடது கையை வைத்து எழப் பார்த்தேன், முழங்கைக்குக் கீழே மிதித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. "கத்துடி. எவ்ளோ வேணா கத்து" என்று பெல்ட்டை உருவினான். முதுகில் எத்தனை விழுந்தது என்று தெரியாது. பயம் எந்த அடியோடு போனது என்றும் தெரியாது. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் கோபம்தான்.

மூலையில் சாந்து சுமக்கிற இரும்புச் சட்டி கிடந்தது. அதைக் கருவியென்று அவன் நினைக்கவில்லை. சட்டி சுமப்பது சித்தாள் வேலை ஆயிற்றே! உருண்டு போய் எடுத்து, குனிந்த அவன் முகத்தில் வீசினேன். மூக்கு உடைந்து ரத்தம் வழிந்தது. அவன் முகத்தைப் பொத்திய நேரத்தில் மூட்டைமேல் ஏறி, சட்டி விளிம்பால் சன்னலை இடித்தேன். இரண்டாவது இடியில் ஒரு செங்கல் தெருவுக்குப் போனது. மூன்றாவதில் மொத்தமும் பொலபொலவென்று கொட்டியது. கண் கூசுகிற வெயில். வெயிலில் வியாபாரம் முடிந்து திரும்புகிற கால்கள், காலி மீன் கூடைகள். "கொளஞ்சியக்கா!" என்று கத்தினேன்.

அவன் என் காலைப் பிடித்து இழுத்தான். கொளஞ்சி அக்காவின் செதில் ஒட்டிய கை உள்ளே வந்து, சட்டி பிடித்திருந்த என் வலது மணிக்கட்டைப் பிடித்தது. "வுடாத. புடிச்சிக்க. ஏய், எல்லாரும் ஓடியாங்கடி!" இந்தத் தடவை யாரும் வாசலில் கடை போடவில்லை. மேலே தெருக்கதவு பிளக்கிற சத்தமும் பத்துப் பதினைந்து பெண்கள் படியிறங்குகிற சத்தமும் கேட்டன. இரும்புக் கதவில் அடி விழுந்தது. அவன் என் காலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அது போதும் எனக்கு. மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு மூட்டைமேலிருந்து குதித்து அவன் முழங்காலில் சட்டியை இறக்கினேன். விழுந்தான். தோளில் ஒன்று, பெல்ட் பிடித்த கையில் ஒன்று. தப்பிக்க அடித்தேன் என்று போலீசில் சொன்னேன். பொய். ஆசை தீர அடித்தேன். சன்னலிலிருந்து கொளஞ்சி அக்காதான், "போதும்டி கலையரசி, செத்துடப் போறான். அந்த நாய்க்காவ நீ உள்ள போவணுமா?" என்று அழுதாள். சட்டியைப் போட்டுவிட்டு அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கையில் கட்டு, அவனுக்குக் காலில். அங்கிருந்து அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு நடக்கிறது.

கட்டுப் பிரித்ததும் இரும்புக் கதவைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டேன். சன்னல்களைச் சரிசெய்ய அரியாங்குப்பத்துக் கொத்தனார் கோவிந்தராசு அண்ணனை வரச்சொன்னேன். மனுஷன் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார்.

"யாரும்மா கலவ போட்டது? கல்லு மாதிரி நிக்குது. நல்ல கை." உடைந்த சன்னலின் ஓரத்தைத் தேய்த்தார், சாந்து மாவாகக் கொட்டியது. "இது வேற ஆளா?"

"ரெண்டும் நான்தாண்ணே."

"அப்ப இது மட்டும் ஏம்மா இப்படி? அவசரத்துல போட்டியா?"

"இல்லண்ணே" என்றேன். "பொறுமையாதான் போட்டேன்."