மற்றவன்

மாலை டிவி நாடகம் தொடங்கிவிட்டால் சல்லிக் கிராமத்தில் காயப்போட்ட கருவாட்டைக் காகம் கொண்டுபோனாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. அன்னலட்சுமி வீட்டு முன்னறையில் அயல் பெண்கள் அத்தனை பேரும் அடைந்துகிடந்தார்கள். அவள் கதிரைக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து தங்கச்சி கஜந்தி இருந்தாள். புருஷன் நிருபனின் அடி தாங்காமல் ஒரு பை உடுப்போடு அக்காவிடம் வந்து சேர்ந்தவள்.

நாடகத்தின் கதாநாயகிக்குள் மூன்று பேர் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிற சாது ஒருத்தி, கொஞ்சிப் பேசும் சின்னப்பிள்ளை ஒருத்தி, கையில் அகப்பட்டதை எல்லாம் எறிகிற மூர்க்கி ஒருத்தி. முதலில் அதைப் பேய் என்றார்கள். வேப்பிலை அடித்தால் ஓடிவிடும் என்று அடுத்த வீட்டுக் கமலேஸ்வரி தீர்ப்பே சொன்னாள். நாடகத்து டொக்டர் விளங்கப்படுத்திய பிறகோ எல்லாருமே வைத்தியம் படித்தவர்கள் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று மூர்க்கி எறிந்த செம்பு தாயின் நெற்றியைப் பிளந்துவிட்டது. சாது கண் விழித்து, "ஆரம்மா உங்களுக்கு இப்படிச் செய்தது?" என்று கேட்டதும் அறை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.

"பாவம் பிள்ளை, அவளுக்கு ஒண்டும் தெரியாதே" என்றாள் கமலேஸ்வரி. கஜந்தியும்தான் அழுதாள்.

விளம்பரம் போன நேரம் பார்த்து நிருபன் வாசலில் வந்து நின்றான். தலை வாரி, திருநீறு பூசி, கையில் ஒரு கோர்வை பாரை மீனோடு வந்திருந்தான். அவனும் அந்த நாடகம் பார்க்கிறவன்தான்.

"நான் கை நீட்டுற ஆளோ, கஜந்தி?" குரல் தழுதழுத்தது. "குடிச்சா எனக்குள்ள வேற ஒருத்தன் வாறான். விடிஞ்சா ஒண்டும் நினைவில்லை. அந்தப் பிள்ளை மாதிரித்தான் நானும்."

அழுது ஈரமாக இருந்த அறை அப்படியே அவன் பக்கம் சாய்ந்தது. "அடிக்கிறது மற்றவன், பிள்ளை. இவன் என்ன செய்வான்?" என்றாள் கமலேஸ்வரி. அதையாவது பொறுக்கலாம். அடிபட்டு வந்த அன்று கதவு திறந்து கட்டியணைத்த அக்காவும், "டொக்டரிட்டக் காட்டலாம். நீ வீட்டை போ" என்றதுதான் கஜந்திக்குச் சுருக்கென்றது. அக்கா கைவிட்டால் அவளுக்குப் போக வேறு வீடு இல்லை.

நிருபன் நல்லவனாக இருக்கும்போது நல்லவன்தான், அது பொய்யில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த கை அது. நம்பிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அவள் எழுந்தாள். அவன் உடனே மீனைக் கீழே வைத்துவிட்டு மூலையில் கிடந்த அவளுடைய பையைத் தூக்கினான். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு தெரிந்தது. அம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டின காப்பு. அதை அறுக்கும்வரை குடி ஆகாது.

"காப்பு எப்ப அறுப்பினம்?" என்று கேட்டாள் கஜந்தி.

"பொங்கல் முடிய. வாற வெள்ளி."

"மற்றவனுக்கும் அது தெரியுமோ?"

நிருபன் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"போன வருஷமும் காப்புக் கட்டினதில இருந்து அவன் வரேல்லை. அறுத்த அண்டைக்கே வந்திட்டான். அதுக்கு முதல் வருஷமும் அப்படித்தான். நாடகத்தில வாறவளுக்குப் பெத்த தாயையே தெரியேல்லை. உங்கட மற்றவனுக்குக் கோயில் நாள் தெரியுது. முகத்தில அடிச்சா ஊர் காணும், முதுகில அடிச்சாக் காணாது எண்டும் தெரியுது. அம்மனுக்குப் பயந்து அவனை வெளியில நிப்பாட்ட உங்களுக்கு ஏலுது. எனக்காகத்தான் ஏலாது, என்ன?"

விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பத் தொடங்கியிருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கமலேஸ்வரி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடங்கினாள்.

அன்னலட்சுமி கதிரையை விட்டு எழுந்தாள். நிருபனின் கையிலிருந்த பையை வாங்கினாள். தன் அறைக்குள் கொண்டுபோய், அலுமாரியைத் திறந்து, தங்கச்சியின் உடுப்புகளைத் தன்னுடையவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கத் தொடங்கினாள்.