ஏழேழாகக் கழித்தல்

"நூறுல இருந்து ஏழேழா கழிச்சிக்கிட்டே வாங்க ஐயா," என்றாள் டாக்டர் மிலேவா.

லூபென் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ரூசே நகரத்து தெருவோர மரங்கள் மொட்டையாக நின்றன. இந்த ஞாபகச் சோதனையில் தேறாவிட்டால் முதியோர் காப்பகத்தில் விடச் சொல்வார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. காலையில் அவன் சட்டைப் பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன்.

"நூத்தி அறுவத்திரண்டு," என்றான். "நூத்தி அம்பத்திரண்டு. நூத்தி நாப்பத்திரண்டு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். திறமையான பையன் பரீட்சையில் கோட்டைவிடும்போது நானும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வேன்.

"அது சரியான விடைதான் டாக்டர்," என்றேன். "ஏழு அடிமானத்துல சொல்றான்."

நாங்கள் இருவரும் கணக்கு வாத்தியார்கள். கல்லூரித் தேர்வில் ஏழின் நூறாவது அடுக்கில் ஒன்றைக் கழிக்கச் சொன்னபோது நான் தாள் தாளாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். லூபென் ஏழு அடிமானத்துக்குப் போய்விட்டான். அங்கே ஏழு என்பது ஒன்றும் பக்கத்தில் ஒரு சுழியும், நம்முடைய பத்தைப் போல. ஏழின் நூறாவது அடுக்கு, ஒன்றுக்குப் பின்னால் நூறு சுழி. அதில் ஒன்றைக் கழித்தால் நூறு ஆறுகள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு வந்த எரிச்சல்தான் பிறகு கல்யாணத்தில் முடிந்தது.

டாக்டருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். நூறு என்பது இரண்டு நாற்பத்தொன்பதும் ஒரு இரண்டும், அதனால் அங்கே அது இருநூற்றிரண்டு. ஏழைக் கழிக்கும்போது கடைசி இலக்கத்தைத் தொடவே வேண்டாம். அவள் சரிபார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கெட்டிக்காரர்தான். இப்ப எல்லாரையும் மாதிரி பத்துல சொல்லுங்க ஐயா."

லூபென் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. பிறகு டாக்டர், எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், "இந்தத் தடவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

டிராலி பஸ்ஸில் கேட்டேன். "வேணும்னே பண்ணியா? உண்மையச் சொல்லு."

"பத்துல போனா அடிக்கடி கடன் வாங்கணும் நெவெனா. ஏழுல ரெண்டே தடவதான். இந்த வயசுல எனக்கு யாரு கடன் குடுப்பா?"

எதிர் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். என் பழைய லூபென் அப்படியே இருக்கிறான், எல்லோரும் பயந்தது வீண் என்று அடுத்த நிறுத்தம் வரை நம்பினேன்.

"நாம எங்க எறங்கணும்?" என்று கேட்டான். எங்கள் வீட்டு வாசல் பஸ் ஜன்னலுக்கு வெளியே கடந்துகொண்டிருந்தது.

இன்று அவன் நினைவு நாள். எங்கள் ஊர் வழக்கப்படி அவன் படம் போட்ட அறிவிப்பை வாசல் கதவில் ஒட்டும்போது மாடிவீட்டு ஸ்தங்கா இறங்கி வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"'லூபென் இல்லாத 10 ஆண்டுகள்'. ஏழுதானேடி ஆச்சு? அச்சுக்கடைக்காரன் குடிச்சிட்டு அடிச்சானா?"

"சரியாத்தான் அடிச்சிருக்கான்."

"உனக்கும் ஆரம்பிச்சிருச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனாள்.

காற்றில் தாளின் ஓரம் எழும்பியது. ஒன்று, பக்கத்தில் ஒரு சுழி. பசை காயும்வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.