இடது கன்னம்

பள்ளிபாளையம் கடைவீதி ஸ்டுடியோவில், ஸ்டுடியோக்காரன் மோகன்குமார் சட்டம் போட்ட படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தபோது, சத்யபிரியாவின் கண்ணை முதலில் உறுத்தியது அம்மாவின் முந்தானை. வலது தோளில் கிடந்தது. வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது. பக்கத்தில் அப்பா, மீசையும் சந்தனப் பொட்டுமாக.

"யாரைக் கேட்டு அப்பனைச் சேர்த்துன?" என்றாள் அண்ணன் வேலுமணியிடம்.

"நாளைக்கு அம்மாளுக்குக் கருமாதி. ரெண்டு பேரும் போயாச்சு, இனி சோடியாத்தான் மாட்டோணும். எல்லா ஊட்லயும் அப்படித்தான அம்மிணி?"

எல்லா வீட்டிலும் அப்படித்தான். தனித்தனிப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, பின்னால் கொஞ்சம் நீல வானத்தைப் போட்டுவிட்டால் ஆயுசு முழுக்கக் கொஞ்சிக் குலாவிய தம்பதி தயார். அம்மா அந்த ஆளை விட்டு வந்து பத்தொன்பது வருடம். லாரி ஜாக்கி ராடால் அடித்த அடியில் அவளுடைய இடது கன்னத்து எலும்பு உள்ளே போய், கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பி வலது கன்னத்தை மட்டும்தான் காட்டுவாள்.

இந்தப் படத்தில் அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். தெரிந்தது இடது கன்னம். ஒரு கீறல்கூட இல்லை.

"ஏனுங்க தம்பி, ஆளையே மாத்திட்டீங்க?"

"ஃப்ளிப் பண்ணுனதுங்க்கா. சம்சாரம் இடப்பக்கந்தான் நிக்கோணும். அங்க வெச்சா அம்மா அய்யாவைப் பாக்காம வெளிய பாத்தாங்க. அதான் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிட்டன். ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"தெரியாதுதான். அன்னிக்கு ஸ்டேஷன்ல, வழுக்கி உழுந்துட்டாங்கன்னு எழுதுனாங்க. நீங்க உழவே இல்லைன்னு எழுதிட்டீங்க."

மோகன்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலுமணிக்குப் புரிந்தது.

"மெதுவாப் பேசு. செத்தவங்க மேல என்ன கோவம்?"

"செத்துட்டா நல்லவனா? உனக்கு அப்பப் பதினேழு வயசு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுத்தான இருந்த?"

அவன் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, "நான் கட்டுன ஊடு. அப்பன் இல்லாத படத்தை உள்ள உட மாட்டன். மாமன் மச்சானெல்லாம் வருவாங்க, நாந்தான் பதில் சொல்லோணும்" என்றான்.

அம்மா அந்தச் சுவரில்தான் தொங்கப்போகிறாள், வருடக்கணக்கில், அந்த ஆளைப் பார்த்தபடி. சத்யபிரியா படத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.

"சரி, அவரு இருக்கட்டும்" என்றாள் மோகன்குமாரிடம். "எங்கம்மாளை மட்டும் எடுத்த மாதிரியே திருப்பி வைங்க."

"அக்கா, அப்ப மூஞ்சியத் திருப்பிட்டு நிப்பாங்களே. சண்டை போட்ட மாதிரி இருக்குமுங்க."

"ஆமா. அப்படியே போடுங்க."

"சனம் சிரிக்கும்" என்றான் வேலுமணி.

"சிரிக்கட்டும். ராடு சத்தம் கேட்டு ஒருத்தனும் வரலை. சிரிக்கவாச்சும் வரட்டும்."

வேலுமணி வெளியே போய் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டான். கம்ப்யூட்டர் திரையில் அம்மா திரும்பினாள். முந்தானை தன் தோளுக்குப் போனது, மூக்குத்தி தன் இடத்துக்கு. அடிபட்ட கன்னம் இப்போதும் தெரியவில்லைதான். இருவருக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டதென்று நினைத்த மோகன்குமார், அவளை அப்பாவின் தோளோடு ஒட்ட நகர்த்தப் போனான்.

"மவுஸ்லருந்து கையை எடுங்க" என்றாள் சத்யபிரியா.