ஒரு வாய்க் குஞ்சுகள்

கடலுக்குப் போகிறவனுக்கு மீனின் தாய் தகப்பனைப் பற்றி என்ன கவலை? வலையில் விழுந்ததா, சந்தைக்குப் போனதா, அவ்வளவுதான். யாகோப்பரும் அப்படித்தான் இருந்தார், பிள்ளைகளே. அதனால்தான் வட்டுக்கோட்டையில் அவர் வளர்த்த மீன்களுக்கு முதுகு கூனிப் போயிற்று.

சண்டையில் குருநகர்க் கரையில் ஷெல் குண்டு விழத் தொடங்கியதும் அவரும் மனைவி மக்டலீனும் வட்டுக்கோட்டைக்கு ஓடிவந்து, இராசமலர் என்ற கமக்காரப் பெண்ணின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். இராசமலர் மச்ச மாமிசம் தொடாதவள். ஆனாலும் தோட்டத்து மூலையில் பாவிக்காமல் கிடந்த துரவை, தண்ணீர் இறைக்க வெட்டிய அந்தப் பெரிய குழியை, மீன் வளர்க்க விட்டுக்கொடுத்தாள். "வெள்ளிக்கிழமையிலை மட்டும் பொரியல் மணம் வரப்படாது" என்றதோடு சரி.

யாகோப்பர் பக்கத்துக் குளத்தில் ஒரு தாய்த் திலாப்பியாவைப் பிடித்துவந்து விட்டார். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கிற மீன் அது. தண்ணீரில் விட்டதும் பயத்தில் வாயைத் திறந்து ஒரு கூட்டம் குஞ்சைத் துப்பியது.

"பாத்தியே மக்டலீன், குடும்பத்தோடை குடிவந்திட்டாள்!" என்று சிரித்தார். கடலுக்குத் தடை வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த ஒரு வாய்க் குஞ்சுகள்தான் பெருகித் துரவை நிறைத்தன. வேறு மீனும் விடலாமே என்று யாராவது சொன்னால், "வாறது நோய் வருத்தத்தோடை வரும். என்ரை பிள்ளையள் தனிய இருக்கட்டும்" என்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் குஞ்சுகள் கூன் முதுகோடு வந்தன. சிலதுக்கு வாய் கோணல். மிச்சம் விரல் நீளம் வளரமுதலே செத்து மிதந்தன. யாகோப்பர் தண்ணீரை மாற்றினார், தவிட்டை மாற்றினார், அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினார். ஒன்றுக்கும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பழைய கூட்டாளி செபநாயகம் வந்து சேர்ந்தான். கடற்படை சுடும் என்று தெரிந்தும் களவாகக் கடலுக்குப் போகிறவன்.

"அண்ணை, என்ரை வள்ளத்துக்கு ஒரு ஆள் குறையுது. உந்தக் கிடங்குக்குள்ளை கூனல் மீனோடை என்ன செய்யிறியள்?"

யாகோப்பர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் மக்டலீனைக் கலக்கியது. போன மாதம் கடலுக்குப் போன இருவரை அலைதான் கரைக்குக் கொண்டுவந்தது. துரவு செத்தால் இந்த மனிசனை மறிக்க அவளிடம் என்ன இருக்கிறது?

விடிந்ததும் இராசமலரைக் கையோடு கூட்டிவந்து துரவடியில் நிறுத்தினாள். யாகோப்பர் செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

இராசமலர் குனிந்து பார்த்தாள். "உதுகளின்ரை தேப்பன் ஆர், யாகோப்பண்ணை?"

"மீனுக்கோ? ஊர் விதானையிட்டைத்தான் பதிவு கேக்கவேணும்."

"பகிடியை விடுங்கோ. முதலிலை எத்தினை விட்டனீங்கள்?"

"ஒரு தாய். அவளின்ரை வாயிலை வந்ததுகள்தான் எல்லாம்."

"அட கடவுளே! அப்ப இவ்வளவு காலமும் அண்ணனுக்குத் தங்கச்சியையோ கட்டிக் குடுத்தனீங்கள்? என்ரை பசுவை அவள் பெத்த நாம்பன் காளையோடை நான் விடுறேல்லை. சங்கானைக்குக் கொண்டுபோய்த்தான் சேர்க்கிறனான். இல்லாட்டில் கண்டுக்குட்டி நோஞ்சானாப் போகும்."

யாகோப்பர் கூடையைக் கீழே வைத்தார். "கடலிலை ஆர் ஆற்றை பிள்ளையெண்டு ஆர் பாத்தது, தங்கச்சி?"

"கடல் பெரிசண்ணை, அது தானே கலந்துவிடும். இஞ்சை நீங்களெல்லோ கலக்கவேணும்."

"தொண்டைமானாற்றிலை உதே மீன் கிடக்கெண்டு சொன்னனீங்கள்" என்றாள் மக்டலீன் அவசரமாக. "அது வேறை வமிசமாய் இருக்கும். போய்ப் பிடிச்சுக்கொண்டு வாங்கோவன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. செபநாயகத்தின் வள்ளம் கிடப்பதும் அந்தக் கரையில்தான். அதற்குள் யாகோப்பர் சைக்கிளில் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் கட்டிவிட்டார்.

பகல் முழுவதும் அவள் அடுப்பு மூட்டவில்லை. செபமாலை ஒரு கையில், வாசல் படலையில் ஒரு கண். பொழுது சாயும்போது யாகோப்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் ரயருக்குக் காற்றில்லை. உடுத்திருந்த சாரம் இடுப்புவரை ஈரம்.

"செபநாயகத்தைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நிண்டவன். வா வா எண்டு கையைப் பிடிச்சு இழுத்தான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"விடடாப்பா, கான் தண்ணி சூடாகுது, மாப்பிள்ளையள் செத்துப்போவினம் எண்டன்."

மக்டலீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த இராசமலர், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு திரும்பிவந்து கானுக்கு ஆலாத்தி எடுத்தாள். "நான் தின்னாட்டிலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே!"

துரவில் தேறிய பெட்டை மீன்களை யாகோப்பர் கிணற்றடித் தொட்டிக்கு மாற்றி, வந்தவர்களோடு விட்டார். மாரி தொடங்க, ஒரு தாயின் வாயிலிருந்து குஞ்சுகள் நேர் முதுகோடு சிதறின. இராசமலர்தான் முதலில் கண்டு கூவினாள். யாகோப்பர் தொட்டியடியில் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நாடியைச் சொறிந்தார்.

"மக்டலீன், இதிலும் ஒரு பிழை இருக்கு. மாப்பிள்ளையள் எல்லாரும் ஒரே ஊரார். நாளைக்கு இதுகளின்ரை பிள்ளையளுக்கு என்ன செய்யிறது? நெல்லியடிப் பக்கம் ஒரு குளம் இருக்காம். அடுத்த கிழமை ஒருக்கால் போயிட்டு வரட்டே? பிறகு மற்ற ஊர்ப் பக்கத்தாலும் ஒரு சோடி பாக்கவேணும். வருசா வருசம் இதை விடாமச் செய்யவேணும், கண்டியோ?"

வருசா வருசம் என்ற சொல்லை மக்டலீன் மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்கோ" என்றாள். "ரயரை ஒட்டிப்போட்டுப் போங்கோ."